எட்டு தெரியாத மெஷின்

போன மாதம் எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிட்டது. எப்போது திறந்தாலும் ஏதோ ஒரு பழைய வருஷத்து ஜனவரி ஒன்றாம் தேதியைக் காட்டியது. பழுது பார்க்க வந்தவர் உள்ளே இருந்த பொத்தான் அளவு பேட்டரியை மாற்றினார். பிறகு மெஷினைப் போட்டு, அது விழிக்கும் ஓரிரு நொடிக்குள் ஒரு விசையைப் படபடவென்று தட்டினார். நீலத் திரை ஒன்று வந்தது.

"இதுக்குப் பேரு பயாஸ்மா. மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான். உன்கிட்ட என்னென்ன இருக்கு, இன்னிக்கு என்ன தேதின்னு மெஷினுக்கு இங்கதான் சொல்லணும்" என்றார்.

"தெரியும் தம்பி. இதை நான் கையாலேயே செய்திருக்கேன்" என்றேன்.

மரியாதைக்குச் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். அவர் நம்பாததில் தப்பில்லை. நான் சொன்னது எழுபதுகளின் நடுவில், திருவொற்றியூரில், ஒரு பம்புசெட் தொழிற்சாலையில் நடந்த கதை. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது.

எங்கள் வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில். நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் பள்ளி முடித்து, டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் படித்து, அந்தத் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சேர்ந்து ஒரு வருஷத்தில் கம்ப்யூட்டர் வந்தது. வெளிநாட்டில் யாரோ பல வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்த மெஷின். கப்பலில் வந்த மரப்பெட்டியை இறக்கியதே தான்தான் என்று நைனா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பொட்டி என் கைலதான் எறங்குச்சு. ஒரு கீறல் இல்ல."

அது இரண்டு பீரோவை ஒட்டி வைத்தது போல இருக்கும். பக்கத்தில் காகித நாடாவைப் படிக்கும் கருவி ஒன்றும், தட்டச்சு மெஷின் போன்ற டெலிபிரிண்டர் ஒன்றும். அதற்காக ஒரு அறையைக் கண்ணாடியால் தடுத்து, குளிர்சாதனம் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று பலகை மாட்டினார்கள். நாங்கள் நான்கு பெண்கள் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். ஸ்டோரிலிருந்து வரும் சீட்டுகளைப் பார்த்து நாடாவில் துளை போடுவது எங்கள் வேலை. எந்தப் பெட்டியில் எத்தனை வால்வு, எத்தனை போல்ட் என்ற விவரமெல்லாம் துளைகளாகும். துளையிலிருந்து விழும் காகிதப் பொட்டுகள் தலையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அறைக்குள் நாடாவைக் கொண்டு கொடுக்கலாம். மெஷினைத் தொடக் கூடாது. அதை ஓட்டப் பயிற்சி பெற்றவர் ஒரே ஒருவர்தான்.

அந்த ஐப்பசியில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்துவிட்டார். எங்கள் மேலாளர் தானே மெஷினை ஓட்டினார். ஓட்டினார் என்றால், சாவியைத் திருப்பி, ஒரு பொத்தானை அமுக்கி, நாடாவை மாட்டுவார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அது வரை தேவையும் படவில்லை. அந்த மெஷினின் நினைவு மின்சாரத்தை நிறுத்தினாலும் அழியாது. முதல் நாள் விட்ட இடத்தில் மறு நாள் எழுந்துகொள்ளும்.

ஒரு வெள்ளிக்கிழமை பெரிய மழை. கூரையில் எங்கோ ஒழுகி, தண்ணீர் பீரோவின் மேல்தட்டில் இறங்கியிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை மேலாளர் சாவியைத் திருப்பியபோது விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அப்படியே நின்றன. பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார்.

தொழிற்சாலையில் அது ஸ்டாக் எண்ணும் வாரம். மூன்று நாளாக உற்பத்தியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பெட்டியாக எண்ணி முடித்திருந்தார்கள். நாங்கள் துளை போட்ட நாடாக்கள் ஒரு மேசை நிறைய இருந்தன. திங்கட்கிழமை காலை பம்பு பூட்டும் பிரிவுக்குப் பட்டியல் போகாவிட்டால், எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

எனக்கும் அந்தச் சனிக்கிழமை முக்கியமான நாள். ஐந்து மணிக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் சிக்னல் கேபினில் வேலை. வீடு கொருக்குப்பேட்டை. சனிக்கிழமை அரை நாள்தான் என்பதால் ஒரு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். அம்மா காலையிலேயே இறால் வடைக்குப் பருப்பு ஊறப் போட்டுவிட்டாள்.

மேலாளர் பம்பாயில் இருந்த பராமரிப்பு எஞ்சினியருக்கு டிரங்க் கால் பதிவு செய்தார். தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன் வந்து பீரோவைத் திறந்து பார்த்தார். வியாசர்பாடிக்காரர். முப்பது வயது இருக்கும். யாரிடமும் பயம் கிடையாது.

"சார், ரெண்டாவது தட்டுல தண்ணி பூந்துகீது. கீழ்த்தட்டு நல்லாகீது. நான் தொடச்சி வுட்டேன். ஆனா ரெண்டாவது அவ்ளோதான்."

"அவ்வளவுதான்னா என்னய்யா அர்த்தம்?"

"பூட்ச்சி சார்."

அவர் சொன்ன இரண்டு தட்டுகள்தான் மெஷினின் நினைவு. அதில் பாதி போய்விட்டது. மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பன்னிரண்டரைக்குக் கால் கிடைத்தது. மேலாளர் நடந்ததைச் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

"உங்கள்ல யாருக்கு வேகமா எழுத வரும்? ஏதோ நம்பர் சொல்றேங்கறார். எனக்கு ஒண்ணும் பிடிபடலை."

நான் சுருக்கெழுத்து நோட்டோடு எழுந்து போனேன்.

எஞ்சினியர் நல்ல மனிதர். இரைச்சலுக்கு நடுவே பொறுமையாக ஆங்கிலத்தில் சொன்னார். புதுத் தட்டு வர பத்து நாளாகும். அது வரை பாதி நினைவோடு மெஷினை ஓட்டலாம். ஆனால் மெஷினுக்கு அது தெரியாது. தன்னிடம் இரண்டு தட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டு செத்த தட்டையே தேடிக்கொண்டிருக்கிறது. உனக்கு இனி ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு அமைப்பு நாடா என்று தனியாக ஒன்று உண்டு. அலமாரியில், சிவப்பு டப்பாவில் இருக்கும்.

"அந்த நாடாவை மாட்டினா போதுமா சார்?" என்று கேட்டேன்.

போதாது. மெஷினுக்கு நாடாவைப் படிக்கக்கூட இப்போது தெரியாது. எப்படிப் படிப்பது என்ற குறிப்பு அந்த இரண்டாவது தட்டில்தான் இருந்தது. அதை முதல் தட்டில் கையால் எழுத வேண்டும். பதினேழு வரிகள். முன்பக்கம் இருக்கும் பன்னிரண்டு சுவிட்சுகளை மேலும் கீழுமாக வைத்து, ஒவ்வொரு வரியாக உள்ளே தள்ள வேண்டும்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வரிக்கு நான்கு இலக்கம். நடுவில் டிரங்க் ஆபரேட்டர் வந்து மூன்று நிமிஷம் ஆயிற்று என்றார், பிறகு ஆறு நிமிஷம் என்றார். ஒன்பதாவது நிமிஷத்தில் பதினேழாவது வரி முடிந்தது. நான் நன்றி சொல்வதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி பதிவு செய்தபோது, பம்பாய் லைன் பழுது, ராத்திரிக்கு மேல்தான் கிடைக்கும் என்றார்கள்.

மணி ஒன்று. மற்ற மூன்று பெண்களும் பையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் கையில் நோட்டோடு நின்றேன். அதை மேலாளரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சுருக்கெழுத்தை என்னைத் தவிர யாரும் படிக்க முடியாது. அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்தச் சுவிட்சுகளைத் தொட்டுப் பார்க்க எனக்கு ஒரு வருஷமாக ஆசை.

ஸ்டோரில் வேலை செய்தவர் ஒருவர் எங்கள் தெருப் பக்கம். ஷிப்டு முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்: "எங்க வூட்ல சொல்லிடுங்க அண்ணே. மெஷின்ல ஒரு வேலை. கை வெச்சிட்டேன், நடுவுல வுட்டு வர முடியாது. அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்." அவர் தலையாட்டிவிட்டு மழையில் சைக்கிளை மிதித்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தரை ஐஸாக இருந்தது. மேலாளர் ஒரு நிமிஷம் யோசித்தார். "சரி, நீயே போடும்மா. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றார். எதைப் பார்க்கப் போகிறார் என்று அவருக்கும் தெரியாது, பாவம்.

பன்னிரண்டு சுவிட்சுகளும் மூன்று மூன்றாக நான்கு கூட்டமாக இருந்தன. ஒரு கூட்டத்துக்கு ஓர் இலக்கம். மூன்றும் கீழே இருந்தால் சைபர். மூன்றும் மேலே என்றால் ஏழு. ஐந்து என்றால் மேலே, கீழே, மேலே. இதை எஞ்சினியரே சொல்லியிருந்தார். எலக்ட்ரீஷியன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் இலக்கத்தைப் படித்து சுவிட்சை வைப்பேன். அவர் மேலே எரியும் சின்ன விளக்குகளைப் பார்த்து, "கரீட்டு, தள்ளு" என்பார். நான் உள்ளே தள்ளும் சுவிட்சைத் தட்டுவேன். அந்தச் சத்தம் இன்னும் எனக்குப் பிடிக்கும். பூட்டு விழுவது போல ஒரு சத்தம்.

பத்து வரி தடையில்லாமல் போயின. பதினோராவது வரியில் நின்றேன். ஏழு, ஆறு, எட்டு, ஒன்று என்று என் கையெழுத்தே சொன்னது.

"இன்னா தங்கச்சி நின்னுட்ட?"

"எட்டுன்னு எழுதிகீறேன் அண்ணே. எட்டை எப்படி வெக்கிறது?"

அவர் மூன்று சுவிட்சையும் பார்த்தார். தானே ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி விரல் விட்டு எண்ணினார். "சைபர்ல இருந்து ஏழு வரைக்கும்தான் வருது. எட்டே இல்லியே. இந்த மெஷினுக்கு எட்டு தெரியாது."

மேலாளர் முகம் வெளுத்துவிட்டது. "தப்பா எழுதிட்டியா? இனிமே ராத்திரி வரைக்கும் கால் கிடைக்காதே!"

நான் மற்ற எல்லா வரிகளையும் திரும்பப் படித்தேன். வேறெங்கும் எட்டும் இல்லை, ஒன்பதும் இல்லை. அந்த ஒரே ஒரு இடம்தான். அந்த மூன்று சுவிட்சையும் நானும் ஒருமுறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். பிறகுதான் மெல்ல உறைத்தது.

"சார், இந்த இடத்துல வரக்கூடியது மொத்தமே எட்டு விதம்தான். சைபர்ல இருந்து ஏழு வரைக்கும். ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கட்டுமா?"

"மெஷினுக்கு ஏதாவது ஆயிட்டா?"

எலக்ட்ரீஷியன் முந்திக்கொண்டார். "சுவிச்ச மேல கீழ தள்றதுல இன்னா சார் ஆவும்? கரண்டு நான் பாத்துக்கிறேன். நீ போடு தங்கச்சி."

எட்டின் இடத்தில் சைபர் போட்டு, மீதி வரிகளையும் உள்ளே தள்ளி, சிவப்பு டப்பா நாடாவை மாட்டிவிட்டுத் தொடங்கும் சுவிட்சைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. தப்பான கட்டளை மற்ற வரிகளையும் கெடுத்துவிடலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் பதினேழு வரிகளையும் ஒன்றுவிடாமல் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒரு சுற்றுக்கு இருபது நிமிஷம் பிடித்தது. ஒன்று போட்டபோது விளக்குகள் ஓடி நின்றன. இரண்டுக்கு நாடா ஒரே ஒரு துளை நகர்ந்தது. மூன்றுக்கு நாடா விர்ரென்று ஓடியது. நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டோம். அது நிற்காமல் ஓடி முழுவதும் தரையில் விழுந்தது. மெஷின் ஒன்றையும் உள்வாங்கவில்லை.

"போதும்மா. திங்கட்கிழமை எம்.டி.கிட்ட நானே சொல்லிக்கறேன். உனக்கு வீட்டுக்கு நேரமாகலை?" என்றார் மேலாளர்.

சுவரில் மணி மூன்றரை தாண்டியிருந்தது. "இன்னும் நாலுதான் சார் பாக்கி" என்றேன். அப்படிப் பேசியது நானா என்று எனக்கே ஆச்சரியம். அவரிடம் அது வரை "எஸ் சார்", "நோ சார்" தவிர வேறு பேசியதில்லை.

எலக்ட்ரீஷியன் நாடாவைப் பொறுமையாகச் சுற்றி மாட்டினார். நான்கு போட்டேன். ஒன்றுமில்லை. ஐந்து போட்டேன்.

நாடா நகர்ந்தது. ஓடவில்லை. சீராக, ஒரே தாளத்தில், ஒவ்வொரு துளையாகத் தின்றுகொண்டு போனது. விளக்குகள் அதோடு மினுங்கின. நாடா முடிந்ததும் தானாக நின்றது. டெலிபிரிண்டர் ஒருமுறை உறுமிவிட்டு ஒரே ஒரு சொல்லை அடித்து, கேள்விக்குறி போட்டது.

நினைவு எவ்வளவு என்று கேட்டது.

"கேக்குது பாரு! வாய் தொறந்து கேக்குது!" என்று எலக்ட்ரீஷியன் மேலாளரின் முதுகில் தட்டிவிட்டார். மேலாளரும் சிரித்தார்.

முன்பு இருந்த அளவில் பாதியை எண்ணாக அடித்தேன். அடுத்து, பிரிண்டர் எது என்று கேட்டது. பீரோவின் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துப் பதில் சொன்னேன். நாடா படிக்கும் கருவி எந்த இடத்தில் என்று கேட்டது. சொன்னேன். கடைசியாக, இன்று என்ன தேதி என்றது. தேதியை அடித்தபோதுதான் அது என்ன நாள் என்பது எனக்கும் ஞாபகம் வந்தது. மணி நாலே முக்கால்.

அப்போதே கிளம்பியிருந்தாலும் ஐந்துக்குப் போயிருக்க முடியாது. நினைவு பாதியானதால் நாடாக்களை இரண்டு பங்காகப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. அதை மேலாளருக்குக் காட்டிக் கொடுத்து, முதல் பங்கு பட்டியல் அடித்து வெளியே வரத் தொடங்கியபோது ஆறு மணியாகிவிட்டது. வெளியே மழை. எண்ணூர் நெடுஞ்சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். பஸ் வரும் அறிகுறியே இல்லை. துறைமுகத்துக்குப் பம்புப் பெட்டிகள் ஏற்றிப் போகும் லாரி ஒன்று நின்றது. மேலாளரே குடை பிடித்துக்கொண்டு வந்து என்னை அதில் ஏற்றிவிட்டார். துணைக்கு எலக்ட்ரீஷியனும் ஏறிக்கொண்டார்.

லாரி சந்துக்குள் நுழையாது. முனையிலேயே இறங்கி ஓடினேன். எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். அம்மா அழும் சத்தம் தெருவரை கேட்டது. நைனாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அம்மா என்னைப் பார்த்து ஒரு நொடி திகைத்தாள். பிறகு பாய்ந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"கை கீதா? ரெண்டும் கீதா?"

"இன்னாம்மா ஆச்சு? கை ஏன் இல்லாம போவும்?"

பிறகுதான் தெரிந்தது. நான் சொல்லி அனுப்பியதை அந்த ஸ்டோர்காரர் பாதி மறந்துவிட்டு, "உங்க பொண்ணு கை மெஷின்ல கீது, எடுக்க முடியாது, வர நேரமாவும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் பக்கத்தில் மெஷினில் கை என்றால் ஒரே அர்த்தம்தான். ஒவ்வொரு தெருவிலும் விரல் போனவர்கள் இரண்டு பேராவது இருந்தார்கள். முதலில் அம்மா அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து, பெண் எங்கே என்று கேட்டு, அம்மா அந்தச் சேதியை வாய்விட்டுச் சொன்னபோதுதான் எல்லோருக்கும் திக்கென்று ஆகியிருக்கிறது.

"நைனா எங்கே?"

"உன்னத் தேடித்தான் ஓடிகீறாரு. அந்தப் புள்ளையும் கூடப் போச்சு."

அந்தப் பிள்ளை என்றால், என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை. என்னை இன்னும் கண்ணால் கூடப் பார்க்காதவர், நைனாவோடு மழையில் இறங்கிப் போயிருந்தார். எங்கள் லாரி அவர்களை எங்கோ கடந்து வந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா மூலையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து என் தலையிலிருந்து ஒரு காகிதப் பொட்டை எடுத்தார். "ஸ்தோத்திரம். மொதல்ல தலைய தொவட்டும்மா" என்றார். அவருடன் வந்திருந்த அத்தைக்குத்தான் கோபம். "நல்ல நாளும் அதுவுமா ஒரு பொண்ணு இப்டியா பண்ணும்? நாங்க இன்னாத்துக்கு வந்துகீறோம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆறிப்போன இறால் வடையைத் தின்றார். எனக்கும் பசி. புடவை மாற்றிக்கொண்டு வந்து, பெண் பார்க்க வந்தவர்களோடு சேர்ந்து நானும் நான்கு வடை தின்றேன். இதைச் சொல்லி என் தங்கை பிற்பாடு பல வருஷம் கேலி செய்திருக்கிறாள்.

ஏழரைக்கு நைனாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். தொழிற்சாலை வரை போய், வாசலில் காவல்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். பேன்ட் முட்டி வரை சேறு. நைனா வாசலில் நின்றபடியே, "கழுத, பேஜாரு பண்ணிட்டியே" என்றார். அது திட்டுவது போல இல்லை.

மாப்பிள்ளை முதலில் என் கைகளைத்தான் பார்த்தார். பிறகுதான் முகத்தை. துண்டு கொடுத்தேன். துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த வாச்மேன் ஏதோ சுவிச்சின்னு சொன்னாரு. இன்னா வேல அது?"

அத்தை குறுக்கே ஏதோ சொல்லப் போனார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நான் சொன்னேன். பன்னிரண்டு சுவிட்சையும், பதினேழு வரியையும், இல்லாத எட்டையும் சொன்னேன். யாருக்கும் புரியாது என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"தப்பா ஒண்ணு வெச்சா மெஷினு இன்னா பண்ணும்?"

"நின்னுடும். மேல போவாது."

"எங்க கேபின்லயும் அப்டித்தான்" என்றார். "வரிசையா லீவருங்க கீது. ஒண்ண தப்பா இழுத்தா அடுத்தது அசையவே அசையாது. பூட்டிக்கும். எது தப்புன்னு திரும்பிப் போய்ப் பாத்தாதான் உண்டு. அதனாலதான் ரெண்டு வண்டி ஒரே தண்டவாளத்துல வராம கீது."

"எத்தினி லீவரு?" என்று கேட்டேன்.

"நாப்பத்தி ரெண்டு."

"அத்தனையும் ஞாபகம் இருக்குமா?"

"கை சொல்லும்" என்றார்.

நைனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் காப்பி போடச் சொன்னார். அத்தை, பொண்ணு கறுப்பு, வேலைக்கு வேறு போகிறது, பொறுப்பு இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாராம். ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்து, தை மாதத்தில் கோயிலில் நாள் கேட்கலாமா என்று கேட்டார்.

பம்பாய் எஞ்சினியர் சொன்னபடி பத்தாம் நாள் வந்தார். இளைஞர்தான். டெலிபோனில் கேட்ட குரலுக்குப் பெரியவர் என்று நினைத்திருந்தேன். புதுத் தட்டை மாட்டிவிட்டு என் நோட்டை வாங்கிப் பார்த்தார். சுருக்கெழுத்துக்குக் கீழே நான் எழுதி வைத்திருந்த எண்களைப் படித்துக்கொண்டே வந்தவர், பதினோராவது வரியில் நின்றார். எட்டு என்று எழுதி அடித்திருந்த இடத்தைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது என்றார்.

"நீங்கதான் சொன்னீங்க சார். எய்ட்டுன்னு."

"எய்ட்?" என்று தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த இடத்தில் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டியிருக்கிறார். புரட்டும்போது "வெயிட்" என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அவர் சொன்ன ஐந்தை இரைச்சல் விழுங்கிவிட்டது.

போகும் முன் மேலாளரிடம் அவர் தனியாகப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. அடுத்த மாதம் என் பெயருக்கு நேரே பஞ்ச் ஆபரேட்டர் என்று இருந்ததை அடித்துவிட்டு கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று எழுதிக் கொடுத்தார்கள். காமாலையிலிருந்து எழுந்து வந்தவருக்கு முதலில் கொஞ்சம் வருத்தம். பிறகு காலை ஷிப்டு அவருக்கு, பகல் ஷிப்டு எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். பதினேழு வரிகளையும் நான் டைப் அடித்துப் பீரோவின் கதவில் ஒட்டினேன். ஒட்டிய பிறகு ஒரே ஒரு முறைதான் அதற்குத் தேவை வந்தது. அன்று காலை ஷிப்டுக்காரரே போட்டார்.

தை மாதத்தில் கல்யாணம் ஆயிற்று. கொருக்குப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறித் திருவொற்றியூர் போனேன். பகல் ஷிப்டு முடிந்து நான் வீடு திரும்ப ஏழு மணியாகும். என் வீட்டுக்காரருக்குக் கேபினில் காலை முறை இருக்கும் வாரங்களில் வீட்டுக்குள் நுழையும்போதே மீன் குழம்பு வாசனை வரும். அவர் வைக்கும் குழம்பில் புளி எப்போதும் ஒரு பிடி கூடத்தான். நான் ஒரு நாளும் சொன்னதில்லை.